ராத்திரி விலை

போன மாதம் சித்தி மகன் எனக்கு ஒரு படம் அனுப்பினான். படிவம் நான்கு படிக்கிறான். செர்டாங்கில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் அவன் வீடு. படத்தில் ஒரு கணினி கேம். ஸ்டீமில் 200 ரிங்கிட்டைத் தாண்டும் அதே கேம், வேறொரு விற்பனைத் தளத்தில் ஏறக்குறைய பாதி விலை. விற்பவர் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரங்கள். கீழே அவன் கேள்வி: "அண்ணே, இத நம்பி வாங்கலாமா? ஏமாத்திட மாட்டாங்கதானே?"

பதில் எழுதி எழுதி மூன்று முறை அழித்தேன். "வாங்கு, பெரும்பாலும் ஒன்னும் ஆகாது" என்பது உண்மை. "வாங்காதே" என்பது நான் சொல்ல நினைத்தது. இரண்டையும் ஒரே செய்தியில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவன் கேட்டது ஆபத்தைப் பற்றி. அந்தக் கேள்வியில் ஏமாறக்கூடிய ஆள் ஒருவன்தான் இருக்கிறான், அது அவன். அந்த வியாபாரத்தில் ஏமாறுவதற்கு வேறு ஆட்களும் உண்டு என்பது எனக்கே 24 வயதில்தான் தெரிய வந்தது. அதுவும் படித்துத் தெரிந்ததல்ல.

முதலில் அவன் கேட்ட கேள்விக்கான பதிலைச் சொல்லிவிடுகிறேன்.

கேம் விளையாடாதவர்களுக்காக: இன்று கேம் என்பது பெட்டியில் வரும் தட்டு இல்லை. எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு. ஸ்டீமில் பெரும்பாலும் ஐந்தைந்தாக மூன்று கட்டங்கள். அதை 'கீ' என்போம். கீயைத் தட்டினால் கேம் உங்கள் கணக்கில் ஏறும். கீயை விற்கும் தளங்களில் பல, தாங்களே கடை இல்லை. கடை போட இடம் தருபவை. அங்கே யாரும் வந்து விற்கலாம். விற்கப்படும் கீகளுக்குப் பல பிறப்பிடங்கள் உண்டு. ஒருவர் மொத்தமாக வாங்கிய தொகுப்பில் தனக்கு வேண்டாததை விற்கலாம். விலை குறைந்த நாட்டில் வாங்கி, விலை கூடிய நாட்டில் விற்கலாம். "நான் யூடியூபர், விமர்சனம் செய்கிறேன்" என்று கேமை உருவாக்கியவரிடம் இலவசமாகக் கேட்டு வாங்கி விற்கலாம். கடைசியாக, திருடிய கடன் அட்டை எண்ணைக் கொண்டு வாங்கி விற்கலாம்.

கீயைப் பார்த்தால் இவற்றில் எது எது என்று சொல்ல முடியாது. எல்லாமே பதினைந்து எழுத்துதான். நல்ல கீயும் கெட்ட கீயும் ஒரே மாதிரி திறக்கும். கெட்டதாக இருந்தால் சில நாள் அல்லது சில மாதம் கழித்து அது ரத்தாகலாம். 2015 ஜனவரியில் யூபிசாஃப்ட் நிறுவனம் 'ஃபார் க்ரை 4' போன்ற கேம்களின் கீகளைப் பலருடைய கணக்கிலிருந்து திடீரென்று நீக்கியது. அந்தக் கீகள் திருட்டு அட்டைகளால் இன்னொரு பெரிய கடையில் வாங்கப்பட்டு, பிறகு மறுவிற்பனைத் தளங்களில் விற்கப்பட்டவை என்று அது காரணம் சொன்னது. வாங்கியவர்கள் கொதித்தார்கள். ஏற்கெனவே விளையாடத் தொடங்கியவர்களுக்கு மட்டும் நிறுவனம் பிறகு கேமைத் திருப்பிக் கொடுத்தது.

ஆக, தம்பிக்கு உள்ள ஆபத்து இவ்வளவுதான்: பணம் போகலாம், கேம் போகலாம், ரொம்ப மோசமானால் கணக்கு முடங்கலாம். பெரும்பாலும் எதுவும் நடக்காது. எனக்குப் பெரும்பாலும் எதுவும் நடக்கவில்லை. அதனால்தான் நான் அதைத் தொழிலாகவே செய்தேன்.

2018. நிபோங் திபால் பக்கம் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். செர்டாங்கிலிருந்து மோட்டாரில் போய்விடும் தூரம்தான் என்றாலும் விடுதியில்தான் தங்கினேன். கல்விக்கடன் கட்டணத்துக்கே சரியாகப் போகும். ஓர் உரையாடல் குழுவில் மொத்தமாகக் கீ விற்கும் ஒருவர் அறிமுகமானார். பெயர் தெரியாது, ஊர் தெரியாது. ஒரு பூனைப் படம் மட்டும் தெரியும். அவரிடம் கீயும் டாப்-அப் கோடும் வாங்கி, ஒன்றுக்கு இரண்டு மூன்று ரிங்கிட் வைத்து விடுதிப் பையன்களுக்கு விற்றேன். மாதம் எண்பது, நூறு வரும். சாப்பாட்டுச் செலவு கழிந்துவிடும். "எப்படிண்ணே இவ்ளோ சீப்பா?" என்று யாராவது கேட்டால் "கனெக்‌ஷன் இருக்குடா" என்பேன். நான் பூனைப் படத்துக்காரரிடம் கேட்டபோது அவரும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னார்.

எனக்காக நான் வாங்கிய கேம் 'ஃபேக்டோரியோ'. ஆள் இல்லாத கிரகத்தில் தொழிற்சாலை கட்டும் விளையாட்டு. பொறியியல் படிக்கிறவன் கையில் சிக்கினால் செமஸ்டர் போய்விடும். செக் குடியரசின் பிராக் நகரில் 'வூப் சாஃப்ட்வேர்' என்ற சின்னக் குழு உருவாக்கியது. அந்தக் குழுவுக்கு ஒரு கொள்கை உண்டு: இந்தக் கேமுக்குத் தள்ளுபடியே கிடையாது. கோடைக்காலத் தள்ளுபடி, ஆண்டிறுதித் தள்ளுபடி எதிலும் அது வராது. எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. தள்ளுபடியே இல்லாத ஒரு பொருள் எனக்கு மட்டும் எப்படித் தள்ளுபடியில் கிடைக்கிறது என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்கத் தெரியாமல் இல்லை. யோசித்தால் விலை ஏறிவிடும் என்று எங்கோ தெரிந்திருந்தது.

ஒரு ஜூனியர் பையன். அவன் அப்பா பால் மரம் வெட்டுபவர். என்னிடம் 60 ரிங்கிட்டுக்கு ஒரு கேம் வாங்கினான். மூன்று வாரத்தில் கீ ரத்தாகிவிட்டது. என் அறைக்கு வந்து நின்றான். பூனைப் படம் குழுவை விட்டே போய்விட்டிருந்தது. "நான் என்னடா செய்ய முடியும், எனக்கும் தெரியாதுல" என்றேன். அவன் "பரவால்லண்ணே" என்று போய்விட்டான். எனக்குத் தெரியாது என்று நான் சொன்னது பொய்யில்லை. அதுதான் பல நாள் என்னைக் காப்பாற்றியது.

2021. படிப்பு முடிந்து குலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் வேலைக்குச் சேர்ந்து சில மாதம். ஒரு நாள் விடிகாலை அம்மா என்னை எழுப்பினார். அவர் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். ஆறு மணிக்கு பஸ் வரும். கையில் கைப்பேசி. வங்கியிலிருந்து ஏழு குறுஞ்செய்திகள். இரவு ஒரு மணிக்கும் ஒன்றேகாலுக்கும் இடையில் ஏழு முறை 49.90 ரிங்கிட். மொத்தம் 349 ரிங்கிட் 30 சென். ஒவ்வொன்றின் கீழும் ஒரு கேம் பணப்பையின் பெயர்.

அம்மா கேட்டார்: "நீதானடா கேம் வெளாடுற? நீ எடுத்தியா?"

"இல்லம்மா" என்று உடனே சொல்ல வேண்டியவன் நான். ஒரு நொடி வாய் வரவில்லை. நான் எடுக்கவில்லை. ஆனால் இது என்ன என்று வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த 49.90 எங்கே போகும், எப்படி ஒரு கோடாக மாறும், எந்தக் குழுவில் எந்தப் பையன் "எப்படி இவ்ளோ சீப்பா?" என்று கேட்பான், அதற்கு என்ன பதில் வரும் எல்லாம் தெரியும். தீபாவளிக்கு முன்பு முகநூலில் பார்த்த ஏதோ சுடிதார்க் கடையில் அம்மா அட்டை எண்ணைக் கொடுத்திருந்தார். அங்கேதான் போயிருக்க வேண்டும்.

அன்று அம்மா வேலைக்குப் போகவில்லை. காவல் நிலையத்தில் புகார், பிறகு வங்கியில் படிவம். பணம் இரண்டு மாதத்தில் திரும்பி வந்தது. ஒரு நாள் சம்பளமும், அந்த மாதத்துக்கான முழு வருகைப் படியும் வரவில்லை. அவை எந்தப் படிவத்திலும் இல்லை. அதைவிட, அதற்குப் பிறகு அம்மா அட்டையை எதற்கும் பயன்படுத்துவதில்லை. மின்சாரக் கட்டணத்தைக்கூட ரொக்கமாகத்தான் கட்டுகிறார். வரிசையில் நின்று.

என் பூனைப் படத்துக்காரர்தான் அம்மாவின் அட்டையைத் திருடினார் என்று நான் சொல்லவில்லை. நான் விற்ற கீகளில் எத்தனை திருட்டு என்றும் எண்ணிச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று தெரிந்தது. மூன்று வருடம் நான் அந்தக் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்திருந்தேன். மறுமுனையில் ஒரு ஆள் உண்டு, அவருக்கு ஆறு மணிக்கு பஸ் உண்டு என்பது அன்றுதான் கண்ணில் பட்டது.

அதற்குப் பிறகுதான் ஃபேக்டோரியோ கதையைத் தேடிப் படித்தேன். அந்தக் கேம் 2016 பிப்ரவரியில் ஸ்டீமுக்கு வந்தது. அப்போது விலை 20 டாலர். அதே சமயம் வூப்பின் சொந்த இணையதளத்திலும் கீ வாங்கலாம். அங்கே திருட்டு அட்டைகளால் கீகள் வாங்கப்பட்டன. அட்டைக்குச் சொந்தக்காரர் வங்கியில் புகார் செய்ததும் வங்கி அந்தப் பணத்தை விற்றவரிடமிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளும். அதோடு விடாது, விற்றவருக்கு ஒரு தண்டக் கட்டணமும் போடும். வூப்புக்கு அது ஒரு கீக்கு ஏறக்குறைய 20 டாலர். அதாவது கேமின் விலை அளவுக்கே தண்டம். கேமை உருவாக்கியவருக்கு விற்ற காசும் இல்லை, கைக்காசும் போச்சு. திருடனோ சல்லிக்காசு போடாதவன். பாதி விலைக்கு விற்றாலும், கால் விலைக்கு விற்றாலும் அவனுக்கு எல்லாமே லாபம்.

2019-இல் இந்தச் சண்டை பெரிதானது. போலந்தில் தொடங்கிய மறுவிற்பனைத் தளமான ஜி2ஏ மீது சிறு கேம் நிறுவனங்கள் பல குற்றஞ்சாட்டின. 'நோ மோர் ரோபாட்ஸ்' நிறுவனத்தின் மைக் ரோஸ், ராமி இஸ்மாயில் போன்றவர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள்: அங்கே காசு கொடுத்து வாங்குவதைவிட எங்கள் கேமைத் திருட்டுத்தனமாகப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். அதற்கு ஜி2ஏ ஒரு சவால் விட்டது. திருட்டுக் கீ எங்கள் தளத்தில் விற்கப்பட்டது என்று தணிக்கையில் நிரூபணமானால், நீங்கள் கட்டிய தண்டத்தைப்போல் பத்து மடங்கு தருகிறோம் என்றது. வூப் முன்வந்தது. இரு தரப்புக்கும் ஒத்துவரும் நடுநிலைத் தணிக்கையாளர் கிடைக்காமல் ஜி2ஏ தானே சோதித்தது. 2020 மே மாதம் அது ஒப்புக்கொண்டது: 2016-இல் மார்ச் முதல் ஜூன் வரை 198 திருட்டுக் கீகள் அதன் தளத்தில் விற்பனையாகியிருந்தன. சொன்னபடி 39,600 டாலரைக் கொடுத்தது.

வால்வ் நிறுவனம் 2019 அக்டோபரில் சொன்னது இன்னும் பெரியது. 'கவுண்டர்-ஸ்ட்ரைக்' விளையாட்டில் பரிசுப் பெட்டிகளைத் திறக்க உதவும் சாவிகளை விளையாடுபவர்கள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ள முடிந்தது. அப்படிக் கைமாறியவற்றில் ஏறக்குறைய எல்லாமே மோசடிப் பணத்திலிருந்து வந்தவை என்று நம்புவதாகச் சொல்லி, புதிதாக வாங்கும் சாவிகளைக் கைமாற்றுவதை அது நிறுத்திவிட்டது. உலகளாவிய மோசடிக் கும்பல்கள் திருட்டுப் பணத்தை வெளுக்க ஒரு விளையாட்டைப் பயன்படுத்தியிருக்கின்றன. விளையாடியவர்களுக்கு அது மலிவாகக் கிடைத்த ஒரு சாவி, அவ்வளவுதான்.

இங்கே என் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் அப்பா. செர்டாங் பக்கத்தில் இப்போது செம்பனையாகிவிட்ட ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். மங்கில் தங்கி உறைந்துபோகும் பாலைக் கட்டிப்பால் என்பார்கள். அதுவும் தோட்டத்துக்குத்தான் சொந்தம். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து இரவில் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் விற்பவர்கள் இருந்தார்கள். பட்டணத்து ரப்பர் கடை தவுக்கே பகலில் வரும் பாலுக்கு ஒரு விலை வைத்திருப்பார், இரவில் வரும் பாலுக்கு ஒரு விலை. ராத்திரி விலை பகல் விலையில் பாதி. அதே பால், அதே தராசு.

"தவுக்கே எதுவும் கேக்க மாட்டாரா தாத்தா?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். தாத்தா சிரித்தார். "கேக்காம இருக்கறதுக்குத்தான்டா பாதி வெல" என்றார்.

அவர் இதை வேடிக்கை பார்த்தவராகச் சொல்லவில்லை. பாட்டி பிரசவத்தில் படுத்திருந்த ஒரு வருடம் அவரும் சைக்கிளில் போயிருக்கிறார். மறைத்துப் பேசியதில்லை. "நான் திருடுனேன். அதுக்கு ஒரு பேரு இருக்கு. தோட்டத்துல புடிச்சிருந்தா வேலய விட்டுத் தூக்கியிருப்பான், போலீஸ்ல குடுத்திருப்பான். அவன் செஞ்சதுக்குப் பேரே இல்ல பாரு. பட்டணத்துல அவன் பெரிய மனுசன்" என்பார்.

உண்மையில் அதற்கும் சட்டத்தில் ஒரு பெயர் உண்டு. மலேசியத் தண்டனைச் சட்டம், 1860-இல் இந்தியாவுக்காக இயற்றப்பட்ட தண்டனைச் சட்டத்தின் வழி வந்தது. அதன் 411-ஆம் பிரிவு திருட்டுப் பொருளை நேர்மையின்றிப் பெறுவதைப் பற்றியது. "தெரிந்தே" பெறுவது மட்டும் குற்றமில்லை. திருட்டுப் பொருள் என்று "நம்பக் காரணம் இருந்தும்" பெறுவது குற்றம். ஒரு கேம் கீ அந்தப் பிரிவுக்குள் வருமா என்பது வழக்கறிஞர்கள் பேச வேண்டியது. எனக்கு முக்கியம் அந்தச் சொல்தான். நம்பக் காரணம் இருக்கிறது. பாதி விலை ஒரு காரணமில்லையா? நான் விடுதியில் சொன்ன "எனக்குத் தெரியாது" இந்த இடத்தில் வந்து நொறுங்குகிறது. தெரியாமல் இருந்தது உண்மை. தெரிந்துகொள்ளாமல் இருக்கத்தான் எனக்குச் சலுகை கொடுக்கப்பட்டது என்பதும் உண்மை.

தமிழில் இதை முதலில் யோசித்தவன் நானில்லை. சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரைக் கடைத்தெருவில் ஒரு பழைய சிலம்பை விற்க வருகிறான் கோவலன். அதுவும் மூன்றாம் கை விற்பனைதான். விற்பவன் வெளியூர்க்காரன், ரசீது இல்லை, சாட்சி இல்லை. அங்கே விற்பவன் நேர்மையானவன். அவனைப் பிடித்துக் கொடுத்த பொற்கொல்லன்தான் திருடன். ஆனால் காவியம் அந்தத் திருடனைச் சுற்றி நிற்கவில்லை. கண்ணகி போய் நிற்பது அரசன் முன்னால். அவன் எதையும் திருடவில்லை. அவன் செய்தது ஒன்றுதான்: விசாரிக்கவில்லை. சிலம்பை உடைத்துப் பார்த்தால் உள்ளே முத்தா மாணிக்கமா என்று ஒரு நொடியில் தெரிந்திருக்கும். அந்த ஒரு நொடி வேலையைச் செய்யாததற்குத்தான் அவன் உயிரை விடுகிறான். விசாரிக்காமல் இருப்பது ஒரு சின்னக் கவனக்குறைவு என்று இளங்கோ நினைக்கவில்லை.

இதற்கு எதிராக நானே பல நாள் வாதாடியிருக்கிறேன். அந்த வாதங்களையும் வைத்துவிடுகிறேன்.

முதல் வாதம்: விலை எங்களுக்கு நியாயமாகவா இருக்கிறது? 2018-இல் தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரிங்கிட். ஒரு பெரிய கேமின் விலை அதில் ஐந்தில் ஒரு பங்கு. அமெரிக்கப் பையனுக்கு அது ஒரு நாள் வேலை. எங்களுக்கு ஒரு வாரம். இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது எதை நியாயப்படுத்துகிறது என்று பார்க்க வேண்டும். கேமைத் திருட்டுத்தனமாகப் பதிவிறக்கினால் நிறுவனத்துக்கு ஒரு விற்பனை போகலாம். திருட்டுக் கீயை வாங்கினால் நான் காசு கொடுக்கிறேன். அது கேம் செய்தவருக்குப் போகாமல் அட்டை திருடுபவருக்குப் போகிறது. அடுத்த அட்டையைத் திருட அவருக்கு முதலீடு அது. என் வறுமையைச் சொல்லி நான் எடுத்தது பெரிய முதலாளியிடமிருந்து இல்லை. பால் மரம் வெட்டுபவர் மகனின் 60 ரிங்கிட்டும் கையுறைத் தொழிற்சாலைக்காரரின் வருகைப் படியும்தான் நடுவில் மாட்டின. தாத்தா தோட்டத்திலிருந்து எடுத்தபோது எதிரில் ஒரு கம்பெனி இருந்தது. என் எதிரில் என் மாதிரி ஆட்கள்தான் இருந்தார்கள்.

இரண்டாவது வாதம் கடினமானது. எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டு வாழ முடியுமா? நான் போட்டிருக்கும் சட்டையை யார் தைத்தார், கைப்பேசிக்குள் இருக்கும் உலோகத்தை யார் தோண்டினார், எனக்குத் தெரியாது. பிறகு ஏன் ஒரு கேம் கீயில் மட்டும் இந்தச் சுத்தம்?

இதற்கு என் வேலை ஒரு பாதிப் பதில் தந்தது. எங்கள் ஆலையில் ஒரு சின்ன மின்தடை உள்ளே வந்தாலும் அதற்கு ஒரு தொகுதி எண் உண்டு. எந்த ஆலை, எந்த வாரம், எந்தக் கைகள் வழியாக வந்தது என்று பின்னோக்கிப் போக முடியும். 2021-இல் சில்லுத் தட்டுப்பாடு வந்தபோது, யாரென்றே தெரியாத தரகர்கள் உடனே தருகிறோம் என்று கூப்பிட்டார்கள். எங்கள் மேலாளர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "எங்கேருந்து வந்துச்சுன்னு காட்ட முடியுமா?" முடியாது என்றால் பேச்சு முடிந்தது. எல்லாத் தரகரும் திருடர் என்பதால் இல்லை. காட்ட முடியாத இடத்தில் நல்லதையும் கெட்டதையும் பிரிக்க முடியாது என்பதால். பகலில் ஆலையில் அந்தக் கேள்வியைக் கேட்கும் ஆள்தான் நான். இரவில் கணினி முன்னால் அதைக் கேட்க மறந்துவிடுகிறேன்.

எல்லாவற்றையும் விசாரிக்க முடியாது, உண்மைதான். ஆனால் தெரியாமையில் இரண்டு வகை இருக்கிறது. சட்டையை யார் தைத்தார் என்பது எனக்குத் தெரியாதது. தெரிந்துகொள்ள வழி குறைவு. அதை மாற்ற வேண்டிய கடமை வேறு, அது என் ஒருவனால் ஆகாதது. கீ விஷயத்தில் தெரியாமை விலையிலேயே சேர்ந்திருக்கிறது. நான் கேட்டால் அந்த விலை இருக்காது.

செர்டாங்கில் பாசார் மாலாம் போடும் நாளில் பத்து மணிக்கு மேல் போனால் கீரை விலை பாதியாகிவிடும். அதுவும் ராத்திரி விலைதான். ஏன் என்று கேட்டுப் பாருங்கள். "நாளைக்கு வாடிடும், தூக்கிட்டுப் போகணும், எடுத்துக்கோ" என்று விற்பவரே சிரித்துக்கொண்டு சொல்வார். கேட்டால் சொல்ல முடிகிற பாதி விலை அது. ஆண்டிறுதித் தள்ளுபடியில் கேமின் விலை குறைவதும் அப்படியே. உருவாக்கியவரே ஒப்புக்கொண்ட குறைவு. தவுக்கேயின் பாதி விலை அப்படியில்லை. காரணத்தைக் கேட்டால் வியாபாரம் நின்றுவிடும். இரண்டையும் பிரிக்க எனக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்கவில்லை. கேட்டுப் பார்க்க வேண்டும். பதில் வந்தால் வாங்கலாம். "கனெக்‌ஷன் இருக்கு" என்பது பதில் இல்லை. அதைச் சொன்னவன் நான் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்.

இதை எழுதத் தொடங்கியபோது அந்த ஜூனியரைத் தேடிப் பிடித்து 60 ரிங்கிட் அனுப்பினேன். இப்போது ஜொகூரில் வேலை. "எதுக்குண்ணே இது?" என்று கேட்டான். சொன்னேன். சிரிப்புப் பொம்மை அனுப்பினான். பிறகு எழுதினான்: "அட விடுங்கண்ணே. அதுக்கப்புறம் ரெண்டு வருசம் நான்தான் அந்த பிளாக்ல கீ வித்தேன். உங்களப் பாத்துதானே ஆரம்பிச்சேன்."

பணத்தைத் திருப்பி அனுப்பவில்லை. நல்லது. எனக்கு அதற்கு மேல் எழுத ஒன்றும் வரவில்லை. அவன் யார் யாருக்கு விற்றான், அவர்களில் யார் மேலும் விற்றார்கள் என்று கேட்க நினைத்தேன். அந்தக் கேள்விக்கு எந்தத் தொகுதி எண்ணும் இல்லை.

தம்பிக்குக் கடைசியில் நீளமாக எதுவும் அனுப்பவில்லை. 'பாதிக்குப் பாதி வாய்ப்புல கேம் கெடைக்கும்' என்று பயமுறுத்தவும் இல்லை, அது பொய். "விக்கிறவன்கிட்ட ஒன்னு கேளு: ஏன் இவ்ளோ சீப்புன்னு. என்ன சொல்றான்னு எனக்கு அனுப்பு" என்று மட்டும் எழுதினேன்.

மறுநாள் பதில் வந்தது. "கேட்டேண்ணே. பாத்துட்டான், ரிப்ளை பண்ணல." கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று: "ஸ்டீம்ல சேல் எப்பண்ணே வரும்?"